டிரவுட்டைக் காப்பாற்ற டிரவுட்டையே கொல்வது ஏன்? மலைச் சிற்றோடைகள், பூர்விக மீன்கள், ஃபிளை தூண்டில்: ஒரு விளக்கம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து மலையோடைகளில் மட்டும் இயற்கையாக வாழும் அப்பாச்சி டிரவுட் (டிரவுட் என்பது குளிர்ந்த நீரில் வாழும் ஒரு மீன் வகை), 2024 செப்டம்பரில் அந்நாட்டின் அருகிவரும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மீன் மீண்டுவிட்டது என்பதே காரணம். தூண்டில்காரர்கள் நாடிச் செல்லும் மீன்களில் இப்படி மீண்டு பட்டியலை விட்டு வெளியேறிய முதல் இனம் இதுதான். ஆனால், மீட்பு எப்படி நடந்தது என்று படிக்கப் போனவர்களுக்குக் குழப்பமே மிஞ்சியிருக்கும். ஓடைகளிலிருந்து வேறு வகை டிரவுட் மீன்கள் பிடித்தும் நஞ்சிட்டும் அகற்றப்பட்டன. மீன்கள் மேலே ஏறிவர முடியாதபடி ஓடைக்குக் குறுக்கே தடுப்புகள் எழுப்பப்பட்டன. இவற்றை முன்னின்று ஆதரித்தவர்களில் பலர், அந்த மீனைத் தூண்டிலில் பிடிக்க விரும்புகிறவர்கள்.

நஞ்சு, தடுப்பு, தூண்டில் முள் ஆகிய மூன்றும் ஒரு மீனைக் காக்கும் வேலையில் எப்படி ஒன்றுசேர்ந்தன என்பதை விளங்கிக்கொள்ள, மலைச் சிற்றோடை எப்படிப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எந்த மீன் பூர்விகமானது?

பூர்விக மீன் என்று சொல்லும்போது ஓர் இனத்தையும் ஒரு நீர்ப்படுகையையும், அதாவது ஓர் ஆற்றுக்கு நீர் வடிந்துசேரும் நிலப்பகுதியையும், சேர்த்தே சொல்கிறோம். மனிதர் கொண்டுவந்து விடாமல் தானாகவே அப்படுகையை அடைந்து, அங்கேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகிவரும் மீனுக்கே அந்தப் பெயர் பொருந்தும். செய்திகளில் கலந்து வரும் மூன்று சொற்களை முதலில் பிரித்துக்கொள்வது நல்லது.

1. பூர்விக மீன்: அந்தப் படுகைக்கே உரியது.
2. காட்டு மீன்: ஓடையிலேயே முட்டையிலிருந்து பிறந்தது. அதன் மூதாதையர் வேறு கண்டத்திலிருந்து வந்தவையாகவும் இருக்கலாம்.
3. பண்ணை மீன்: தொட்டியில் பொரிக்க வைத்து, வளர்த்து, ஓடையில் விடப்பட்டது.

ஒரே இனம் ஓரிடத்தில் பாதுகாக்கப்பட வேண்டியதாகவும் இன்னோர் இடத்தில் அகற்றப்பட வேண்டியதாகவும் இருப்பது இதனால்தான். புரூக் டிரவுட், வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கும் அப்பலாச்சிய மலைத்தொடருக்கும் உரியது. அங்கே அதைக் காப்பாற்றப் பெரும் முயற்சி நடக்கிறது. அதே புரூக் டிரவுட் மேற்கே ராக்கி மலைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்குள்ள பூர்விகக் கட்த்ரோட் டிரவுட்டை ஓடை ஓடையாகத் துரத்திவிட்டது. பசிபிக் கடலை நோக்கி வடியும் ஆறுகளுக்கு உரிய ரெயின்போ டிரவுட், அப்பலாச்சியாவில் புரூக் டிரவுட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஐரோப்பாவின் பிரவுன் டிரவுட் 1864-இல் கப்பலில் முட்டைகளாக டாஸ்மேனியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்குள்ள கலாக்சியஸ் என்னும் சிறு மீன்கள் அதற்கு இரையாயின. ஐரோப்பாவுக்குள்ளேயேகூட, ஸ்லோவேனியாவின் சோச்சா ஆற்றுக்கு உரிய மார்பிள் டிரவுட், வெளிப்படுகைகளிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பிரவுன் டிரவுட்டுடன் கலந்து தன் தூய வடிவை இழந்தது. அருவிகளுக்கு மேலே ஒதுங்கிக் கிடந்த சில தலையோடைகளில்தான் கலப்பில்லாத மார்பிள் டிரவுட் எஞ்சியது.

குளிர்ச்சியும் வறுமையும்

டிரவுட்டுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். குளிர்ந்த நீரில்தான் ஆக்சிஜன் அதிகம் கரையும் என்பது ஒரு காரணம். கடல்மட்ட அழுத்தத்தில் 10 டிகிரி செல்சியஸ் நீர் ஒரு லிட்டருக்குச் சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 20 டிகிரியில் அது 9.1 மில்லிகிராமாகக் குறையும். குளிர் இரத்தப் பிராணியான மீனின் உடலோ, நீர் சூடாகச் சூடாக அதிக ஆக்சிஜனைக் கேட்கும். வரவு குறையும் அதே வேளையில் செலவு கூடுவதால், 20 டிகிரியைத் தாண்டும்போது புரூக் டிரவுட் திணறத் தொடங்குகிறது. ஊற்று நீர், உயரம், மரநிழல் ஆகிய மூன்றும் சேர்ந்த சிற்றோடைகள் அதன் புகலிடமாக இருப்பது இதனால்தான்.

ஆனால் இந்தப் புகலிடம் ஏழ்மையானது. பாறையின் மேல் ஓடிவரும் மலைநீரில் தாதுக்களும் ஊட்டச்சத்துகளும் மிகக் குறைவு. அடர்ந்த நிழலில் பாசி வளர்வதில்லை. பாசியைத் தின்னும் பூச்சிகளும் குறைவாகவே இருக்கும். ஓடையின் உணவில் பெரும்பங்கு கரையிலிருந்து விழுகிறது. இலைச்சருகை அரித்துத் தின்னும் பூச்சிப் புழுக்களும், கோடையில் கிளைகளிலிருந்து தவறி விழும் எறும்பும் வண்டும் கம்பளிப்புழுவுமே அந்த மீனின் சாப்பாடு. ஆகவே அங்கு வாழும் மீன் சிறியது. தெற்கு அப்பலாச்சியத் தலையோடைகளில் முழு வளர்ச்சி பெற்ற புரூக் டிரவுட் உள்ளங்கை நீளமே இருக்கும். 8 அங்குலத்தைத் தொட்டால் அது பெரிய மீன். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு மேல் அவை வாழ்வதும் அரிது.

அளவைப் பார்த்து அந்த மீனைக் குறைவாக எண்ணிவிடக் கூடாது. கரும்பச்சை முதுகில் புழு ஊர்ந்த தடம்போல வெளிர் வளைகோடுகள்; பக்கவாட்டில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி; வயிற்றுப்புறத் துடுப்புகளின் முன்விளிம்பில் சுண்ணாம்பு வெள்ளையில் ஒரு கோடு, அதையொட்டிக் கருப்பில் இன்னொரு கோடு. இலையுதிர் காலத்தில் இனப்பெருக்க வேளை வரும்போது ஆண்மீனின் வயிறு செம்மஞ்சளாகச் சிவந்துவிடும். பெண்மீன் வாலால் கூழாங்கற்களைத் தள்ளிக் குழி பறித்து, முட்டையிட்டு மூடும். குளிர்காலம் முழுவதும் கற்களுக்கு இடையே ஊடுருவும் நீரே அந்த முட்டைகளுக்கு ஆக்சிஜன் தருகிறது. மேலே சேறு படிந்தால் முட்டைகள் மூச்சடைத்துப் போகும். காட்டை வெட்டினாலும் மலையில் கவனமின்றிப் பாதை போட்டாலும் டிரவுட் அழிவதற்கு, நீர் சூடாவதோடு இந்தச் சேறும் ஒரு முதன்மைக் காரணம்.

ஃபிளை தூண்டிலில் எறியப்படுவது எது?

சாதாரணத் தூண்டிலில் முள்ளோடு ஈயக்குண்டோ கனமான செயற்கை இரையோ இருக்கும். அந்தக் கனமே மெல்லிய நரம்பை இழுத்துக்கொண்டு தூரத்தில் போய் விழுகிறது. ஃபிளை தூண்டிலில் இது தலைகீழாகிறது. ஃபிளை எனப்படும் செயற்கை ஈ, இறகும் மயிரும் நூலும் சுற்றிய சின்ன முள்; அதற்கு எடையே கிடையாது எனலாம். ஆகவே எடை கயிற்றுக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. கோலை முன்னும் பின்னும் வீசும்போது கயிற்றின் கனம் கோலை வளைக்கிறது. வளைந்த கோல் நிமிரும் விசையில் கயிறு காற்றில் உருண்டு விரிகிறது. முள் அதன் பின்னால் இலேசாகப் போய் நீரில் அமர்கிறது. கனமான கயிற்றுக்கும் முள்ளுக்கும் இடையே, நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும் லீடர் என்ற நைலான் நரம்பு இருக்கும். அதன் கடைசிப் பகுதி, சிற்றோடைக்கு வழக்கமான 5 எக்ஸ் அளவில், 0.15 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது.

கயிறுகள் எண்ணால் குறிக்கப்படுகின்றன. எண் கூடினால் கனம் கூடும். முதல் 30 அடிக் கயிற்றின் எடையே அளவுகோல். 3-ஆம் எண் கயிற்றின் முதல் 30 அடி சுமார் 6.5 கிராம் இருக்கும். சிற்றோடையின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அகலமே இரண்டு மூன்று மீட்டர்தான் என்பதால், லீடர் போகக் கோலின் நுனிக்கு வெளியே பத்தடிக் கயிறு இருந்தாலே அதிகம். அதன் எடை ஏறத்தாழ 2 கிராம். விறைப்பான நவீனக் கார்பன் கோல் அந்த எடைக்கு அசைந்து கொடுக்காது. கண்ணாடியிழையிலோ மூங்கிலிலோ செய்த, எளிதில் வளையும் ஆறேழு அடிக் கோல்களைச் சிற்றோடைக்காரர்கள் இன்றும் விரும்புவதற்கு இந்தக் கணக்கே காரணம். பழைமை மோகம் என்று இதை ஒதுக்குகிறவர்கள் இந்த எடையைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஜப்பானின் மலையோடைகளில் யமாமே, இவானா மீன்களைப் பிடிக்க வளர்ந்த தென்காரா முறை இன்னொரு விடையைத் தந்தது. அதில் கயிற்றைச் சுற்றிவைக்கும் ரீலே இல்லை. மூன்றரை, நான்கு மீட்டர் நீளக் கோலின் நுனியில் நேராகக் கயிறு கட்டப்படும். கோலை உயர்த்திப் பிடித்தால் முள்ளும் நரம்பின் கடைசிச் சிறு பகுதியும் மட்டுமே நீரைத் தொடும். மரக்கிளைகள் தாழ்ந்து கவிந்த ஓடையில் நீளக்கோல் தொல்லை தரும் என்பது உண்மைதான். ஆனால் படிப்படியாகக் குதித்து இறங்கும் திறந்த ஓடையில் இதற்கு ஈடான கருவி இல்லை.

மீனுக்குத் தெரியாமல் நெருங்குவது

பெரிய ஆற்றில் எவ்வளவு தூரம் எறிய முடியும் என்பது திறமை. சிற்றோடையில் எவ்வளவு அருகே போக முடியும் என்பதே திறமை. அதன் தர்க்கம் இப்படிப் போகிறது.

1. நீரோட்டத்தில் மீன் எதிர்முகமாக நிற்கும். உணவும் ஆக்சிஜனும் அந்தப் பக்கமிருந்தே வருகின்றன. ஆகவே தூண்டில்காரர் கீழிருந்து மேல்நோக்கி, மீனின் முதுகுப்புறமாக நகர வேண்டும்.

2. நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் சுமார் 97 டிகிரி கோணமுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஒளி விலகலின் விளைவு இது. கரையில் தாழ்ந்திருப்பவை அந்தச் சாளரத்தின் விளிம்பில் நசுங்கித் தெரியும், அல்லது தெரியாமலே போகும். நிமிர்ந்து நிற்பவர் சாளரத்துக்குள் வந்துவிடுவார். முழங்காலிட்டு எறிவதும் பாறைக்குப் பின்னால் ஒதுங்குவதும் வெறும் சடங்குகள் ஆகா.

3. மடுவின் வால்பகுதியில், நீர் வழிந்து கீழே இறங்கும் இடத்தில், பெரும்பாலும் ஒரு சிறு மீன் நிற்கும். அதை மிரட்டினால் அது மேல்நோக்கிப் பாய்ந்து மடு முழுவதையும் எச்சரித்துவிடும். எனவே முதல் எறி எப்போதும் வாலுக்கே. தலைப்பக்கத்தில் நுரையோரம் நிற்கும் பெரிய மீனைக் கண்டதும் நேராக அதற்கே எறிய வேண்டும் என்ற ஆசையை அடக்குவதே இங்கே கடினமான பாடம்.

4. முள் நீரோடு நீராக மிதந்து வர வேண்டும். கயிறு விழும் இடத்தில் ஓட்டம் வேகமாகவும் முள் இருக்கும் இடத்தில் மெதுவாகவும் இருந்தால், கயிறு முள்ளை இழுத்துக்கொண்டு போகும். எந்தப் பூச்சியும் நீரோட்டத்துக்குக் குறுக்கே கோடு கிழித்துக்கொண்டு போகாது என்பது மீனுக்குத் தெரியும். பாறைகளுக்கு இடையே ஒரு கைப்பிடி அகலத்துக்கு ஒரு வேகம் என்று நீர் ஓடும் இடத்தில், கோலை உயர்த்திக் கயிறு முழுவதையும் நீருக்கு மேலே தாங்கிப் பிடிப்பதே வழி. அப்படிப் பிடித்தாலும் இரண்டு மூன்று விநாடிகளே இயல்பான மிதப்பு கிடைக்கும். அது போதும்.

பின்னால் கயிற்றை வீச இடமில்லாத புதர்களுக்குள் வில்லெறி கைகொடுக்கும். முள்ளின் வளைவைக் கூர்முனை விரலில் படாதபடி இரு விரல்களால் பற்றி, நரம்பை இழுத்துக் கோலின் நுனியை வளைத்து, குறிபார்த்து விட்டுவிடுவது இது. ஐந்து மீட்டருக்குள் இதைவிடத் துல்லியமான எறி வேறில்லை.

எந்தச் செயற்கை ஈயைக் கட்டுவது என்பதற்கு ஆறுகளில் பெரும் ஆராய்ச்சி தேவைப்படும். ஊட்டம் மிகுந்த நீரில் ஒரே வகைப் பூச்சி ஆயிரக்கணக்கில் பொரித்து வரும்போது, மீன் அதைத் தவிர வேறெதையும் தொடாது. சிற்றோடை மீனுக்கு அந்த வசதி கிடையாது. நன்றாக மிதக்கும், தூண்டில்காரரின் கண்ணுக்கும் தெரியும் எல்க் ஹேர் கேடிஸ் அல்லது பேரஷூட் ஆடம்ஸ், 14 அல்லது 16 அளவில் இருந்தால் பெரும்பாலான நாள்களுக்குப் போதும். முள்ளின் எண் கூடக்கூட அளவு சிறுக்கும் என்பதைப் புதியவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். இரையைத் தயக்கமின்றிக் கவ்வும் இதே குணம் பூர்விக டிரவுட்டை எளிதில் பிடிபடும் மீனாகவும் ஆக்குகிறது. கட்டுப்பாடுகள் தேவைப்படுவது அதனால்தான்.

இழந்த விதம்

கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்கா, வட கரோலினாவுக்கும் டென்னசிக்கும் இடையே விரிந்து கிடக்கிறது. அந்த மலைகளுக்கு உரிய ஒரே டிரவுட், புரூக் டிரவுட். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரக் கம்பெனிகள் அந்தச் சரிவுகளை மொட்டையடித்தன; ஓடைகள் சூடாகிச் சேறாயின. மீன் குறைந்துவிட்டது என்ற கவலையில் ரெயின்போ டிரவுட் விடப்பட்டது. 1934-இல் பூங்கா அமைந்து காடு திரும்ப வளர்ந்தபோது, ஓடைகள் குளிர்ந்தும் புரூக் டிரவுட் தன் பழைய இடத்துக்கு இறங்கி வர முடியவில்லை. கீழே ரெயின்போ உட்கார்ந்திருந்தது. தன் பழைய வாழிடத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை அந்த மீன் இழந்தது.

மேற்கே சேதம் வேறு வகைப்பட்டது. ரெயின்போவும் கட்த்ரோட்டும் நெருங்கிய உறவினங்கள். கூடிப் பிறக்கும் கலப்பினமும் இனப்பெருக்கத் திறன் உள்ளது. ஆகவே மீன் கண்ணுக்குத் தெரிய ஓடையில் இருந்துகொண்டே, மரபணுவில் கரைந்து மறைந்துவிடும். எண்ணிப் பார்த்துக் கண்டறிய முடியாத அழிவு இது.

கொலராடோவின் கிரீன்பேக் கட்த்ரோட் இதற்குக் கூர்மையான சான்று. 1937-இல் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட இந்த மீன், 1950-களில் சில ஓடைகளில் திரும்பக் கிடைத்ததாக நம்பப்பட்டது. பல பத்தாண்டுகள் அந்த மீன்களைப் பெருக்கி ஓடைகளில் விட்டார்கள். 2012-இல் வெளியான மரபணு ஆய்வு, அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்பட்டிருந்த 19-ஆம் நூற்றாண்டு மீன்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, பெருக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை உண்மையான கிரீன்பேக்கே அல்ல என்று காட்டியது. உண்மையான மீன் பேர் கிரீக் என்ற ஒரே சிற்றோடையில் மட்டும் எஞ்சியிருந்தது. அதுவும் அதன் சொந்தப் படுகையான சவுத் பிளாட்டில் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விடுதி நடத்தியவர் ஒருவர் பக்கத்துப் படுகையின் ஓடைக்குக் கொண்டுவந்து விட்ட மீன்களின் வழித்தோன்றல்கள் அவை. அங்கிருந்து எடுத்துப் பெருக்கிய மீன்கள் சவுத் பிளாட் படுகையின் ஹெர்மன் கல்ச் ஓடையில் விடப்பட்டன. அவை தாமாகவே இனம் பெருக்கி வருவதை 2022-இல் மாநில வனவிலங்குத் துறை அறிவித்தது.

நஞ்சும் தடுப்பும்

ஒரு தலையோடையைப் பூர்விக மீனுக்குத் திருப்பித் தரும் வேலை பொதுவாக இந்த வரிசையில் நடக்கும்.

1. கீழிருந்து அயல் மீன் ஏற முடியாத இடம் தேவை. இயற்கை அருவி இருந்தால் நல்லது. இல்லையெனில் தடுப்பு கட்டப்படும்.
2. மேலே பூர்விக மீன் எஞ்சியிருந்தால், மின்னதிர்ச்சியால் மயக்கிப் பிடித்துப் பத்திரமாக வேறிடத்தில் வைப்பார்கள்.
3. ரோட்டினோன் அல்லது ஆன்டிமைசின் என்ற மீன்கொல்லி, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான செறிவில் ஓடையில் சொட்டு சொட்டாகக் கலக்கப்படும்.
4. வேலை எல்லைக்குக் கீழே பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்து நஞ்சு முறிக்கப்படும்.
5. மீண்டும் சோதித்து, அயல் மீன் இல்லை என்று உறுதியான பின் பூர்விக மீன் விடப்படும்.

ரோட்டினோன் சில வெப்பமண்டல அவரைக் குடும்பச் செடிகளின் வேரிலிருந்து கிடைப்பது. உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வழியை அது அடைக்கிறது. செவுள் வழியாக நேரே இரத்தத்தில் கலப்பதால் மிகக் குறைந்த அளவு நஞ்சே மீனைக் கொன்றுவிடும். வெயிலிலும் வெப்பத்திலும் தானாகவே சிதையும். ஆயினும் இதைத் தீங்கற்றது என்று சொல்வது நேர்மையாகாது. செவுளுள்ள தலைப்பிரட்டைகளும் நீர்ப்பூச்சிகளும் அதில் சாகின்றன. நஞ்சு படாத மேலோடைகளிலிருந்து மிதந்தும், பறந்து வந்தும் பூச்சிகள் மீண்டும் குடியேறும் என்றாலும், எல்லா இனங்களும் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. மின்னதிர்ச்சியால் மட்டும் பிடித்து அகற்றுவது மென்மையான வழிதான்; ஆனால் பாறை இடுக்கில் ஒரு சோடி தப்பினாலும் சில ஆண்டுகளில் பழைய நிலை திரும்பிவிடும். மிகச் சிறிய, எளிமையான ஓடைகளுக்கே அது பொருந்தும். ஐடஹோ மாநிலம் மூன்றாவது வழியொன்றைச் சோதித்து வருகிறது. இரண்டு ஒய் குரோமோசோம் கொண்ட ஆண் புரூக் டிரவுட்டை வளர்த்து ஓடையில் விட்டால், அவற்றின் குஞ்சுகள் எல்லாம் ஆணாகவே பிறக்கும்; நாளடைவில் பெண்மீன் இல்லாமல் அந்தக் கூட்டம் அற்றுப்போகும் என்பது கணக்கு.

ஸ்மோக்கி மலைகளின் லின் கேம்ப் பிராங் ஓடையில் 2008-இல் ஆன்டிமைசின் இடப்பட்டு ரெயின்போ அகற்றப்பட்டது. கீழேயுள்ள அருவியே தடுப்பாக அமைந்தது. 2015-இல் அந்த ஓடை தூண்டிலுக்குத் திறக்கப்பட்டது.

தூண்டில்காரர் யார் பக்கம்?

அருகிய மீனை மீட்ட கையோடு அதைப் பிடிக்க அனுமதிப்பது முரணாகத் தோன்றும். அதற்கு உயிரியல் விடை ஒன்று உண்டு. மூன்று நான்கு ஆண்டுகளே வாழும் புரூக் டிரவுட்டின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் வெள்ளமும் வறட்சியும். ஸ்மோக்கி பூங்காவில் 1970-களின் நடுவில் புரூக் டிரவுட் பிடிப்பது தடைசெய்யப்பட்டது. தடை இருந்தும் மீன் பெருகவில்லை. பல ஓடைகளைச் சோதனையாகத் திறந்து பார்த்ததில், தூண்டிலால் எண்ணிக்கை குறையவில்லை என்று தெரிந்த பிறகு 2006-இல் தடை நீங்கியது. அங்கே இரையைக் கோத்துப் பிடிப்பது கூடாது. ஒற்றை முள் கொண்ட செயற்கை ஈக்களும் செயற்கை இரைகளும் மட்டுமே அனுமதி. 7 அங்குலத்துக்குக் குறைந்த டிரவுட்டைத் திரும்ப விட வேண்டும். மண்புழுவை மீன் தொண்டைவரை விழுங்கும். செயற்கை ஈயைப் பெரும்பாலும் உதட்டோரத்தில் கவ்வும். விடப்பட்ட மீன் பிழைக்குமா என்பது பெருமளவு இந்த வேறுபாட்டைப் பொறுத்தது.

பணமும் ஒரு விடை. 1950-இல் இயற்றப்பட்ட டிங்கெல்-ஜான்சன் சட்டத்தின்படி, அமெரிக்காவில் விற்கப்படும் தூண்டில் கருவிகள் மீதான வரி மாநிலங்களின் மீன்வளப் பணிகளுக்கே செல்கிறது. உரிமக் கட்டணமும் அப்படியே. யாரும் தேடிப் போகாத மீனுக்காகக் குரல் கொடுப்பவர் குறைவு என்பதைக் கலாக்சியஸ் மீன்களின் கதை காட்டுகிறது.

எனினும், தனித்தனி மீனுக்குத் தூண்டில் தரும் வேதனையும் ஆபத்தும் உண்மையானவை. அதைக் குறைக்கும் வழிகள் தெளிவாகவே தெரிந்திருக்கின்றன. நுனியருகே பின்னோக்கி நிற்கும் கொண்டியைக் குறட்டால் நசுக்கிவிட்ட முள்ளைப் பயன்படுத்துவது, நனைத்த கையால் மட்டும் தொடுவது, மீனை நீருக்குள் வைத்தே முள்ளை எடுப்பது ஆகியவை முதன்மையானவை. நீர் 20 டிகிரியைத் தொட்டால் கயிற்றைச் சுருட்டிவிட வேண்டும். போராடிக் களைத்த மீன் அந்த நீரில் மூச்சு மீளாமல், விட்ட பிறகும் சாகலாம். இலையுதிர் காலம் முதல் வசந்தம் வரை, சுற்றியுள்ளவற்றைவிடத் துலக்கமாகத் தெரியும் கூழாங்கல் திட்டுகளை மிதிக்கவே கூடாது. அவற்றின் அடியில் முட்டைகள் இருக்கும்.

தனிமையின் விலை

தடுப்புக்கு மேலே பாதுகாப்பாக வாழும் மீன் சிறைப்பட்ட மீனும்கூட. சில கிலோமீட்டர் ஓடைக்குள் சில நூறு மீன்களே தலைமுறை தலைமுறையாகக் கூடும்போது மரபணு வளம் சுருங்கும். பெருந்தீ வந்தால் ஒதுங்க இடமில்லை. 2012-இல் நியூ மெக்சிகோவில் பரவிய ஒயிட்வாட்டர்-பால்டி காட்டுத்தீயும், அதன்பின் மழையில் அடித்துவந்த சாம்பலும் கிலா டிரவுட்டின் பல ஓடைகளை வெறுமையாக்கின. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், ஆசியாவிலிருந்து வந்த அடெல்ஜிட் என்னும் நுண்பூச்சி, ஓடைகளுக்கு நிழல் தரும் ஹெம்லாக் மரங்களைக் கொன்று வருகிறது. கீழ்நிலம் சூடாகும்போது மீன் மேலே ஒதுங்கும். ஆனால் மலைக்கு உச்சி உண்டு.

இதனால்தான் ராக்கி மலைகளில் தடுப்பு கட்டும் மீன்வளத்துறையினர், அப்பலாச்சியாவில் தடுப்பை உடைக்கிறார்கள். அங்கே சாலைக்கு அடியில் பதித்த பழைய குழாய்களின் வாய் காலப்போக்கில் ஓடைமட்டத்துக்கு மேலே தொங்கிவிடும்; ஒரு சாண் மீன் அந்த உயரத்தைத் தாவ முடியாது. அவற்றைப் பெயர்த்து, ஓடையின் இயல்பான கல்படுகை அடியில் தொடரும்படி அகலமான பாலங்கள் அமைக்கப்படுகின்றன. கீழே அயல் மீன் இல்லாத ஓடையில் அது சரியான வேலை. ரெயின்போ காத்திருக்கும் ஓடையிலோ, அதே தொங்கும் குழாய்தான் மேலுள்ள புரூக் டிரவுட்டை இத்தனை காலம் காத்துவந்திருக்கிறது. எந்தக் குழாயை எடுப்பது, எதை விட்டுவைப்பது என்பதை ஓடைக்கு ஓடை, மேலும் கீழும் எந்த மீன் நிற்கிறது என்று பார்த்தே முடிவு செய்கிறார்கள். விட்டுவைத்த தடுப்புக்கு மேலே மரபணு வளம் குன்றினால், பக்கத்து ஓடையின் மீன்களில் சிலவற்றை ஆட்கள் முதுகில் சுமந்து கொண்டுபோய் விடுகிறார்கள்.